கரும்புக்குள் இருக்கும் நாணல்

பொங்கலன்று வாசலில் சாத்தி வைக்கும் பன்னீர்க் கரும்பும், லாரியில் அடுக்கி ஆலைக்குப் போகும் கரும்பும் ஒரே பயிரின் இரு நிறங்களாகத் தெரிந்தாலும் இரண்டின் வம்சமும் வேறு. பன்னீர்க் கரும்புக்குக் கருஞ்சிவப்புத் தோல், பருத்த கணுவிடை, சாறு நிறைந்த மென்மையான சதை. பல்லாலேயே தோலை உரித்துவிடலாம். சாக்கரம் அஃபிசினாரம் என்று தாவரவியலார் அழைக்கும் இனம் இது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் நியூகினியாத் தீவு மக்கள் காட்டில் வளர்ந்த தட்டைகளை மென்று பார்த்து, இனிப்பானதை மட்டும் கரணை வெட்டி நட்டு நட்டு உருவாக்கிய பயிர். ஆலைக் கரும்பை அப்படிக் கடித்துத் தின்ன முடியாது. நாரும் தோலின் கடினமும் பல்லைப் பதம் பார்த்துவிடும். அதன் மரபில் ஆற்றங்கரை நாணல் கலந்திருக்கிறது. இந்தக் கலப்பு நடக்காமல் போயிருந்தால் இன்றைய சர்க்கரைத் தொழிலே இருந்திருக்காது. நாணலிலிருந்து எவ்வளவை உள்ளே விடுவது, எவ்வளவைக் கழித்துவிடுவது என்பதுதான் நூறாண்டுக்கு மேலாகக் கரும்பு ஆராய்ச்சியின் மையக் கேள்வி.

நியூகினியாவிலிருந்து புறப்பட்ட கரும்பு தீவு தீவாகப் பரவி ஆசியப் பெருநிலத்துக்கு வந்தது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருப்பதால், இது வெளியிலிருந்து வந்த பயிர் என்ற நினைவு தமிழகத்தில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. வட இந்தியாவில் இதனோடு காட்டு நாணல் இயற்கையாகவே கலந்து, சாக்கரம் பார்பெரி எனப்படும் மெல்லிய தட்டைக் கரும்புகள் தோன்றின. குளிரையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் எடை கிடைக்காது. சீனாவிலும் இதே வகையில் வேறோர் இனம் பிறந்தது.

இப்படித் தற்செயலாக நடந்த கலப்பை மனிதர் தாமாகச் செய்ய முயலாததற்கு ஒரு காரணம் உண்டு. கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை. பருவுள்ள கரணையை நட்டால் முளைக்கும். அதனால் கரும்புக்கு முளைக்கும் விதையே கிடையாது என்று 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் நம்பினார்கள். 1858-இல் பார்படோஸ் தீவில் ஒரு தோட்டக்காரர் வயலில் கரும்பு நாற்றுகளைக் கண்டு சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1887-இல் ஜாவாவில் சோல்ட்வெடலும், அடுத்த ஆண்டு பார்படோஸில் ஹாரிசனும் போவெலும் தனித்தனியே கரும்பு விதைகளை முளைக்க வைத்துக் காட்டிய பிறகே உலகம் ஏற்றுக்கொண்டது.

ஜாவாவின் அவசரம் பெரிது. 1880-களில் சேரே என்ற நோய் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. தட்டை குறுகி, தூர் புல் போலாகி, ஒரு தலைமுறைக் கரணையிலிருந்து அடுத்ததற்கு நோய் தொடர்ந்தது. இனிப்பு மிகுந்த பருத்த கரும்புகள் எல்லாமே இதற்குப் பலியாக, காட்டு நாணலோடு இயற்கையாகக் கலந்திருந்த காசூர் என்ற கரும்பு மட்டும் தப்பி நின்றது. டச்சு ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாணல் கலந்த கரும்பை மறுபடியும் மறுபடியும் பருத்த கரும்போடு சேர்த்து, நாணலின் நோய் எதிர்ப்பை வைத்துக்கொண்டு அதன் உவர்ப்பையும் நாரையும் கழித்துக்கொண்டே வந்தார்கள். யெஸ்வியட் என்பவர் 1921-இல் உருவாக்கிய பி.ஓ.ஜே. 2878 பத்தாண்டுக்குள் ஜாவாவின் கரும்புப் பரப்பு முழுவதையும் ஏறத்தாழப் பிடித்துக்கொண்டது.

இந்தியாவின் நிலைமை வேறு. கரும்புப் பரப்பில் பெரும்பகுதி வடக்கே இருந்தது. அங்கே விளைந்ததோ விரல் பருமன் தட்டை. தெற்கே பருத்த கரும்பு நன்றாக வளர்ந்தாலும் பரப்பு குறைவு. சர்க்கரைக்கு ஜாவாவை நம்பியிருந்த நாட்டில், வடக்கின் குளிரைத் தாங்கும் நல்ல கரும்பை எங்கே உருவாக்குவது என்ற கேள்வி எழுந்தபோது விடை கோயம்புத்தூராக அமைந்தது. வடநாட்டுக் கரும்பு வடநாட்டில் பூப்பதே அரிது, பூத்தாலும் விதை கட்டாது. கரும்பு பூக்கப் பகலின் நீளம் பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டி மெல்லக் குறைந்துவர வேண்டும். இரவும் அதிகம் குளிரக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்க்கு அருகே, 11 பாகை அட்சரேகையில் இருக்கும் கோவையில் இவை இரண்டும் ஒன்றாக வாய்த்தன. நாணலும் பக்கத்திலேயே வளர்ந்திருந்தது.

1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே தொடங்கப்பட்டது. முதல் பொறுப்பாளர் சி. ஏ. பார்பர். கோதாவரிப் பகுதியில் செவ்வழுகல் நோய் பரவியபோது சாமர்லகோட்டாவில் ஆராய்ச்சிப் பண்ணை அமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. அவரோடு சேர்ந்து பணிபுரிந்தவர் டி. எஸ். வெங்கட்ராமன், பார்பருக்குப் பின் கால் நூற்றாண்டுக்கு நெருக்கமாக நிலையத்தை நடத்தியவரும் அவரே. வெள்ளை என்ற உள்ளூர்ப் பருத்த கரும்பைக் கோவையின் நாணலோடு கலந்து கிடைத்த நாற்றுகளிலிருந்து கோ 205 தேர்வாயிற்று. 1918-இல் வெளியான இது பஞ்சாபில் பழைய கரும்புகளைவிடச் சுமார் பாதி மடங்கு கூடுதலாக விளைந்தது. வயலோரக் களையாகக் கருதப்பட்ட ஒரு புல்லை வேண்டுமென்றே பயிருக்குள் சேர்த்து, நேரடியாக வணிகச் சாகுபடிக்குக் கொடுத்த முதல் ரகம் அது. அதன் துணிச்சலை இன்று உணர்வது கடினம்.

இந்தக் கலப்பில் இயற்கை தரும் ஒரு சலுகை இருக்கிறது. பருத்த கரும்புக்கு 80 குரோமோசோம்கள். வழக்கமான விதிப்படி தாயிடமிருந்து பாதிதான் பிள்ளைக்குப் போக வேண்டும். ஆனால் பருத்த கரும்பைத் தாயாகவும் நாணலைத் தந்தையாகவும் வைத்தால், தாய் தன் 80-ஐயும் முழுதாகக் கொடுத்துவிடுகிறது. நாணலின் பங்கு பாதிதான். அதனால் முதல் கலப்பிலேயே இனிப்பு பெரிதாகக் கெடுவதில்லை. இரண்டு மூன்று தலைமுறைக்குள் நாணலின் பங்கு வேண்டிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. இன்றைய ஆலைக் கரும்பில் 100 முதல் 130 குரோமோசோம்கள் வரை இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் நாணலுடையது. தாங்குதிறன், தூர் வெடிப்பு, வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பாக மீண்டும் தழைக்கும் வலிமை என்று உழவர் எதிர்பார்ப்பதில் பெரும்பகுதி அந்தச் சிறு பங்கிலிருந்து வருகிறது.

வெங்கட்ராமன் அடுத்து வடநாட்டு மெல்லிய கரும்பையும் சேர்த்து மூன்று இனக் கலப்புகளை உருவாக்கினார். கோ 281, கோ 290 ஆகியவை அமெரிக்காவின் லூசியானா வரை போயின. கோ 290-ஐ ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878-உடன் சேர்த்துக் கிடைத்த கோ 419, 1930-களிலிருந்து பல பத்தாண்டுகள் தென்னிந்தியாவிலும் மராட்டியத்திலும் கோலோச்சியது. கோவையில் கலந்த விதையைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்ப, அங்கே முளைத்த நாற்றுகளிலிருந்து தேர்ந்த என்.கோ. 310 உலகின் பல நாடுகளில் பயிரானது. அதன் பெயரிலுள்ள ‘கோ’ இன்றும் கோயம்புத்தூரைத்தான் குறிக்கிறது. 1932-இல் இறக்குமதிச் சர்க்கரைக்குக் காப்பு வரி வந்தபோது வட இந்தியாவில் ஆலைகள் மளமளவென்று எழும்பியதற்கு வரி மட்டும் காரணமல்ல. ஆலைக்கு ஏற்ற கரும்பு அதற்குள் வயலில் இருந்தது.

தலச்சேரியில் பிறந்த இ. கே. ஜானகி அம்மாள் 1934-இல் கோவைக்கு வந்தார். குரோமோசோம் ஆய்வில் தேர்ந்த அவர் நாணல் வகைகளைச் சேகரித்து, இடத்துக்கு இடம் அவற்றின் குரோமோசோம் எண்ணிக்கை 40-லிருந்து 128 வரை மாறும் ஓர் இனத்தின் புதிரை அவிழ்ப்பதில் பங்காற்றினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல் இனங்களோடும் கலந்து பார்த்தார். சில ஆண்டுகளில் லண்டன் சென்று, டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-இல் வெளியிட்டார். கரும்போடு தூரத்து உறவுள்ள புற்களைச் சேர்க்கும் அவருடைய சோதனைகள் அன்று ஆலைக்குப் பயன்படவில்லை. இன்று எரிபொருளுக்கான கரும்பைத் தேடுபவர்கள் அதே வழியில்தான் நடக்கிறார்கள்.

ஒரு புதிய ரகம் பிறக்கும் வேலை பூவில் தொடங்குகிறது. வெள்ளி நிறத்தில் நீண்டு நிற்கும் பூக்கதிரில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பூக்கள். எந்த ரகத்தின் மகரந்தம் வளமானது என்று அயோடின் சாயத்தில் சோதித்து, மகரந்தம் வளமற்றதைத் தாயாக வைத்துக்கொள்கிறார்கள்; இல்லையென்றால் அது தன்னைத்தானே சேர்ந்துவிடும். தாய்க் கதிரைத் துணிக்கூண்டால் மூடி, காலையில் ஆண் கதிரின் மகரந்தத்தைத் தூவுகிறார்கள். சில வாரங்களில் பஞ்சு போன்ற விதை உதிரத் தொடங்கும். ஒரு விதையைத் தனியே எடுத்துப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். சாதாரண வெப்பத்தில் முளைப்புத்திறன் விரைவில் போய்விடுவதால் குளிரில் சேமிக்கிறார்கள். மற்றபடி பஞ்சோடு சேர்த்தே எருக்கலவையில் விதைத்துவிடுவது வழக்கம். நாட்டின் பல மாநில ஆராய்ச்சி நிலையங்கள் தங்களுக்கான கலப்பைக் கோவைத் தோட்டத்தில்தான் செய்துகொள்கின்றன; விதையை ஊருக்கு எடுத்துப்போய் முளைக்க வைக்கின்றன. கடலூரில் தேர்ந்தது கோக, சிறுகமணியில் தேர்ந்தது கோசி, ஷாஜகான்பூரில் தேர்ந்தது கோஎஸ் என்று முன்னெழுத்து விரிவது அதனால்தான். பிற்காலப் பெயர்களில் எண்ணின் முதல் இரு இலக்கங்கள் ஆண்டைச் சொல்லும். கோ 86032 என்றால் 1986-இன் தேர்வு.

ஒரே கதிரின் விதைகளில் முளைத்த நாற்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. இத்தனை குரோமோசோம்கள் கலைந்து சேரும்போது ஒவ்வொரு நாற்றும் தனி ஆள்தான். நெல்லைப் போல் பல தலைமுறை விதைத்து நிலைப்படுத்தவும் வேண்டியதில்லை. நல்ல ஒரு தூர் கிடைத்துவிட்டால் கரணை போட்டு அப்படியே பெருக்கலாம். ஆகவே தேடல் முழுவதும் எண்ணிக்கையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பார்த்து, மெலிந்ததையும் படுத்ததையும் பூத்துப் போனதையும் கழித்து, மிஞ்சியதைக் கரணையாக்கி, சாற்றை அளந்து மறுபடியும் கழிக்கிறார்கள். பல இடங்களில் இரண்டு நடவுப் பயிரும் ஒரு மறுதாம்பும் எடுத்துப் பார்த்த பிறகே வெளியீடு. கலப்புக்கும் உழவர் கைக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போய்விடும். அத்தனை காலத்துக்குப் பிறகு வரும் ரகம் அன்றைய நோய்க்கு எதிர்ப்பு உள்ளதாக இருக்க வேண்டும். கலப்பு செய்த ஆண்டின் நோய்க்கு அல்ல.

அறுவடையின் கணக்கு இந்தத் தேர்வுக்குள் எப்போதும் புகுந்து நிற்கிறது. உழவருக்கு வேண்டியது எடை. ஆலைக்கு வேண்டியது அந்த எடைக்குள் இருக்கும் சர்க்கரை. மத்திய அரசின் கரும்பு விலை சர்க்கரைக் கட்டுமானத்தோடு, அதாவது அரைத்த கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் சதவீதத்தோடு, இணைக்கப்பட்டது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். ஆனால் கட்டுமானம் ஆலையின் சராசரிக்குத்தான் கணக்காகிறதே தவிர, ஒருவருடைய வயலுக்குத் தனியாக அல்ல. இனிப்பான ரகத்தைக் கவனமாக வளர்த்தவருக்கும் வெறும் எடையைப் பார்த்தவருக்கும் டன்னுக்கு ஒரே விலை. எடையும் இனிப்பும் ஒரே தட்டையில் கிடைக்கும் ரகம்தான் இந்த இழுபறியைத் தாண்டி நிற்கும். தமிழ்நாட்டில் 2000-க்குப் பின் கோ 86032 அப்படி நின்றது. நல்ல எடை, நல்ல சாறு, நம்பகமான மறுதாம்பு. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றிலும் இன்றும் பெரும்பரப்பு அதற்கே.

கரும்பு பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் முதிர்கிறது. வளர்ச்சி முனைப்பாக இருக்கும்வரை இலை தயாரிக்கும் சர்க்கரை புதிய கணு போடுவதிலேயே செலவாகிவிடும். குளிரோ நீர்ப் பற்றாக்குறையோ வளர்ச்சியைத் தடுத்தால்தான் தட்டையில் சேமிப்பு தொடங்கும். வெட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் தண்ணீரைக் குறைப்பது இதற்காகவே. முதிர்ச்சி அடியிலிருந்து மேலே ஏறும். கைக்கருவியால் அடிக்கணு, நுனிக்கணுச் சாற்றின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவை எடுத்து, இரண்டுக்கும் இடைவெளி சுருங்கியிருந்தால் ஆலையின் களப் பணியாளர் வெட்டு உத்தரவு கொடுக்கிறார். அடித்தட்டையில்தான் இனிப்பு அதிகம் என்பதால் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். கைப்பிடி உயரம் கட்டை விட்டால் சர்க்கரையும் போகும், மேலே கிளம்பும் பருக்களால் மறுதாம்பும் வலுவிழக்கும். கொழுந்தாடையில் சர்க்கரை இல்லை, அது மாட்டுக்கு.

வெட்டிய கணத்திலிருந்து நேரம் ஓடுகிறது. தட்டையிலுள்ள நொதி, சுக்ரோசைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைக்கத் தொடங்கும். வெட்டு வாயில் புகும் பாக்டீரியா பிசுபிசுப்பான பொருளை உண்டாக்கி, ஆலையில் பாகு படிகமாவதைத் தடுக்கும். 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்பது நியதி. ஆலை முகப்பில் வரிசையில் நிற்கும் லாரிகளைப் பார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்று தெரியும். தீ வைத்துச் சோகையை எரித்த பிறகு வெட்டினால் கெடுதல் இன்னும் வேகமாக நடக்கும்.

வெட்டுக்கு ஆள் கிடைப்பது இன்று தட்டையின் இனிப்பைவிடப் பெரிய கவலை. மகாராஷ்டிரத்தில் பீட் போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து கணவன் மனைவியாகச் சேர்ந்து ஒரு ‘கொய்தா’ என்ற கணக்கில் முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் ஆலைப் பகுதிகளில் குடிசை போட்டுத் தங்கும் குடும்பங்களின் உழைப்பில்தான் அரவை நடக்கிறது. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலம் வேறு வழியில் போனது. வெட்டுக்கு முன் வயலை எரிப்பதைப் படிப்படியாக நிறுத்த 2002-இல் சட்டம் கொண்டுவந்து, 2007-இல் ஆலைகளோடு ஒப்பந்தம் செய்து கெடுவை முன்னே இழுத்தது. எரிக்காத கரும்பைக் கையால் வெட்டுவது கடினம் என்பதால் இயந்திரம் வந்துவிட்டது. வயலில் சோகை கெட்டியாகப் படிந்ததும் அதனடியில் ஒரு தத்துப்பூச்சி பெருகியது தனிக் கதை. இயந்திரத்துக்கு அகன்ற பாரும், சாயாமல் நேராக நிற்கும் தட்டையும், தானாகவே சோகை உதிரும் தன்மையும் வேண்டும். முப்பது ஆண்டுக்கு முன் தேர்வுப் பட்டியலில் கடைசியில் இருந்த இக்குணங்கள் இப்போது முன்னுக்கு வந்திருக்கின்றன.

ஒரு ரகம் வெற்றிபெறுவதே அதற்கு ஆபத்தாகவும் முடிகிறது. செவ்வழுகல் நோயைப் பரப்பும் பூஞ்சணம், தட்டையைப் பிளந்து பார்த்தால் சிவந்த சதையில் குறுக்கே வெண்பட்டைகளாகத் தெரியும்; சாராய வாடை அடிக்கும். ஒரே ரகம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும்போது, அதன் எதிர்ப்பை உடைக்கும் புதிய வகைப் பூஞ்சணம் ஒன்று தோன்றினால் போதும். 1930-களின் இறுதியில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கோ 213 இப்படி வீழ்ந்தது. சாறு இனிப்பில் பெயர்பெற்ற கடலூரின் கோக 671 பிறகு பின்வாங்கியது. அண்மைய உதாரணம் கோ 0238. கர்னாலில் உள்ள கோவை நிறுவனத்தின் மண்டல நிலையத்தில் பக்ஷி ராம் குழுவினர் உருவாக்கி 2009-இல் வெளியான அது, உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பரவியது. மாநிலத்தின் சராசரிச் சர்க்கரைக் கட்டுமானம் ஒன்பது சதவீதத்தை ஒட்டியிருந்தது பதினொன்றைத் தாண்டியது. அந்த மாநிலம் நாட்டின் சர்க்கரையில் முதலிடத்துக்கு வர இது முக்கியக் காரணம். பத்தாண்டுக்குள் சி.எஃப். 13 என்று எண்ணிட்ட புதிய பூஞ்சண வகை அதை வயல் வயலாகக் காயவைக்கத் தொடங்கியது. எச்சரிக்கை முன்பே இருந்தது. ஆனால் அவ்வளவு லாபம் தரும் ரகத்தை விட்டுவிடுமாறு உழவரிடம் சொல்வது எளிதல்ல. ஆலைகளும் மனமுவந்து சொல்லவில்லை. கோ 0118, கோ 15023 போன்றவை இப்போது அந்த இடத்தை நிரப்புகின்றன. பரப்பு மீண்டும் ஒன்றிடமே குவிந்தால் கதை திரும்பும்.

வேரிலேயே ஒரு குறுகல் இருப்பதும் காரணம். உலகின் ஆலைக் கரும்புகள் ஏறத்தாழ அனைத்தும் சுமார் இருபது பருத்த கரும்புகளிலிருந்தும் பத்துக்கும் குறைவான நாணல் செடிகளிலிருந்தும் வந்தவை. தொடக்கக் காலத்தில் கைக்குக் கிடைத்ததைக் கலந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பிள்ளைகளையே தங்களுக்குள் சேர்த்தார்கள். கேரளத்தின் கண்ணூரில் இருக்கும் உலகக் கரும்பு இனச் சேமிப்பகத்தில் ஆயிரக்கணக்கான வகைகள் ஆண்டுதோறும் நட்டுக் காக்கப்படுகின்றன. உலகில் இத்தகைய இரண்டில் ஒன்று அது. மற்றது அமெரிக்காவின் மயாமியில். நோயும் பூச்சியும் குறைவான ஊர் என்பதால் கண்ணூரைத் தேர்ந்தார்கள். அங்கிருக்கும் நாணல்களில் பெரும்பான்மை இன்னும் ஒருமுறைகூடக் கலப்புக்குள் வந்ததில்லை.

அவற்றை எடுத்துப் பயன்படுத்தும் தூண்டுதல் இப்போது சர்க்கரையிலிருந்தல்ல, எரிபொருளிலிருந்து வருகிறது. வெயிலை உடலாக மாற்றுவதில் கரும்பு மற்றப் பயிர்களைவிட முந்தி நிற்பதற்கு அதன் ஒளிச்சேர்க்கை முறை காரணம். ஹவாயில் கார்ட்சாக் குழுவும், தொடர்ந்து ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1960-களின் நடுவில் சி-4 என்ற அந்த முறையைக் கண்டறிந்தது கரும்பில்தான். தரைக்கு மேலே கரும்பு சேர்க்கும் ஆற்றலை மூன்று பங்காகப் பிரித்தால் ஏறத்தாழ ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு சக்கை, ஒரு பங்கு சோகையும் கொழுந்தாடையும். ஒரு டன் கரும்பில் சுமார் 100 கிலோ சர்க்கரை எடுத்த பின் ஈரத்தோடு 300 கிலோ சக்கை மிஞ்சுகிறது; அதை எரித்துத்தான் ஆலை தன் கொதிகலனை ஓட்டுகிறது. அழுத்தம் அதிகமான கொதிகலனை வைத்தால் ஆலையின் தேவை போக மின்சாரம் வெளியே விற்கலாம். தமிழ்நாட்டு ஆலைகள் பலவற்றின் இணைமின் நிலையங்கள் அப்படித்தான் இயங்குகின்றன.

எத்தனாலின் கணக்கு எங்கிருந்து எடுப்பது என்பதைப் பொறுத்தது. சர்க்கரையை முழுதும் எடுத்த பின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து டன் கரும்புக்குப் பத்து லிட்டர் அளவுக்கு எத்தனால் வரும். சாற்றையே நேராகப் புளிக்க வைத்தால் எழுபது லிட்டர், ஆனால் சர்க்கரை கிடைக்காது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975-இல் ‘ப்ரோஅல்கூல்’ திட்டத்தைத் தொடங்கிய பிரேசில் இந்த இரண்டாவது வழியில் இறங்கியது. எந்த விகிதத்தில் எத்தனால் கலந்தாலும் ஓடும் கார்கள் அங்கே 2003-இல் வந்தன. இந்தியாவில் 2018-ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை சாற்றிலிருந்தும் எத்தனால் எடுக்க இடம்கொடுத்தது. பெட்ரோலில் 20 சதவீதக் கலப்பு 2025-இல் எட்டப்பட்டது. இடையில் மழை பொய்த்த 2023 டிசம்பரில் சாற்றை எத்தனாலுக்குத் திருப்புவதை அரசு கட்டுப்படுத்த, ஆலைகள் தடுமாறின. மக்காச்சோளம் அந்த இடத்தில் நுழைந்தது. சர்க்கரைக்கும் எரிபொருளுக்கும் ஒரே சாற்றை நம்பியிருக்கும்வரை இந்த மோதல் தீராது. தண்ணீர் குறைந்த மாவட்டங்களில் பெட்ரோலுக்காகக் கரும்பு நடுவது சரியா என்ற கேள்விக்கும் எளிய விடை கிடையாது.

நார் வழியாக எரிபொருள் எடுப்பது வேறு பாதை. சக்கையும் சோகையும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றால் ஆனவை. முதல் இரண்டையும் அமிலமோ நொதியோ கொண்டு சர்க்கரையாக உடைத்துப் புளிக்க வைக்கலாம், லிக்னினை எரிக்கலாம். பிரேசிலில் சக்கையிலிருந்து இப்படி எத்தனால் எடுக்கும் ஆலை 2010-களின் நடுவில் இயங்கத் தொடங்கியது. செலவு இன்னும் முழுதாகக் கட்டுப்படவில்லை. ஆனால் இந்தத் தொழில்நுட்பத்துக்கு நார்தான் மூலப்பொருள் என்றால், நூறாண்டாகக் கழித்துக்கொண்டே வந்த நாணலின் பங்கைத் திருப்பிக் கொண்டுவருவதே சரியான வழியாகிறது.

புவேர்ட்டோ ரிக்கோவில் அலெக்சாண்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1970-களின் இறுதியில் இந்த எண்ணத்தை முன்வைத்து அதற்கு எரிசக்திக் கரும்பு என்று பெயரும் வைத்தார். லூசியானாவில் நாணலை ஒரே தலைமுறை கலந்து எடுத்த எல் 79-1002 என்ற ரகம் 2007-இல் வெளியானது. வழக்கமான ஆலைக் கரும்பில் நார் 12 முதல் 14 சதவீதம். எரிசக்திக் கரும்பில் 25-ஐத் தாண்டும். தட்டை மெலிந்து, தூர் அடர்ந்து, நோய்க்கும் வறட்சிக்கும் நின்று பிடிக்கிறது. ஆலைக் கரும்பை மூன்று நான்கு மறுதாம்போடு அழித்துவிட்டு மீண்டும் நடுகிறார்கள்; இது அதைவிடப் பல முறை தழைக்கும், மறுநடவுச் செலவு தள்ளிப்போகிறது. கோவையில் நாணலோடு எரியாந்தஸ் என்ற உயரமான காட்டுப் புல்லையும் கலந்து இவ்வகைத் தட்டைகளை உருவாக்கியிருக்கிறார்கள். உவர் நிலம், தண்ணீர் குறைந்த மேடு என ஆலைக் கரும்பு நிற்காத இடங்களில் இவற்றை நட்டுப் பார்க்கும் திட்டமும் இருக்கிறது. ஓர் அசௌகரியமும் உண்டு. சர்க்கரை ஆலையின் உருளைகள் இத்தனை நாருக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல. அரவை வேகம் குறையும், சாற்றில் சர்க்கரை குறைவாக இருப்பதால் படிகமாக்குவதும் வீண். இதை வாங்க வேண்டியது கொதிகலனும் எத்தனால் ஆலையும்தான்.

மரபணு அறிவும் உதவிக்கு வந்திருக்கிறது. கரும்பின் மரபுத்தொகுதி மனிதருடையதைவிட மூன்று மடங்கு பெரிது. ஒரே மரபணு பத்துப் பன்னிரண்டு நகல்களாக, இரண்டு இனங்களிலிருந்தும் கலந்து கிடக்கிறது. ரியூனியன் தீவில் உருவான ஆர் 570 ரகத்தின் முழு வரிசை 2024-இல்தான் வெளியானது. பழுப்புத் துரு நோய்க்கு எதிர்ப்புத் தரும் பகுதி எங்கே இருக்கிறது என்பது அதில் தெளிவானது. தண்டுத்துளைப்பானை எதிர்க்க மரபணு மாற்றிய கரும்புக்குப் பிரேசில் 2017-இல் அனுமதி கொடுத்தது. வறட்சியைத் தாங்கும் மாற்றிய கரும்புக்கு இந்தோனேசியா அதற்கு முன்பே 2013-இல் அனுமதி வழங்கியிருந்தது. இந்தியாவில் கலப்பும் தேர்வும்தான் இன்றும் முதன்மை வழி. மரபணுக் குறியீடுகளை வைத்து நாற்றுப் பருவத்திலேயே கழிக்க முடிந்தால் அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிலவற்றை மிச்சம் பிடிக்கலாம்.

எரிசக்திக் கரும்பு ஆராய்ச்சி வயலைத் தாண்டி வர வேண்டுமானால் விலைக் கணக்கும் மாற வேண்டும். டன்னுக்கான விலை சர்க்கரைக் கட்டுமானத்தோடு கட்டப்பட்டிருக்கும் நாட்டில், சர்க்கரை குறைவாகவும் நார் நிறைவாகவும் உள்ள தட்டைக்கு அந்த வாய்பாட்டில் இடமில்லை. உலர்ந்த எடைக்கு விலையா, நார் அளவுக்கா, தரும் மின் அலகுக்கா என்பதை முடிவு செய்யாமல் எந்த உழவரும் தன் ஏக்கரில் அதை நடப்போவதில்லை. கொதிகலன் வைத்திருக்கும் ஆலைகளுக்குக் கோடை மாதங்களில் சக்கை தீர்ந்ததும் நிலக்கரி வாங்க வேண்டியிருப்பதால், அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு ஒப்பந்தச் சாகுபடியாக அது தொடங்குவதற்கே வாய்ப்பு அதிகம்.